கையசைவில் பிறக்கும் தாளம்: சைகைத் தோல்கருவிக் குழு தொடங்க ஒரு வழிகாட்டி

பத்துப் பேர் பத்துத் தோல்கருவிகளை ஒரே நேரத்தில் முழக்கினால் யார் என்ன சொன்னாலும் காதில் விழாது. "நீங்க நிறுத்துங்க, அவர் மட்டும் வாசிக்கட்டும்" என்பதைக் கத்திக்கூடச் சொல்ல முடியாது. எழுதிவைத்த இசை இல்லாமல், ஒத்திகை பார்த்த வரிசையும் இல்லாமல், மேடையிலேயே கற்பனையாக வாசிக்க நினைக்கும் குழுவுக்குக் கண்ணால் படிக்கும் ஒரு மொழி தேவை.

தோல்கருவிகளுக்கென்றே அப்படி ஒரு மொழியை வளர்த்தெடுத்தவர் அர்ஜென்டினாவின் இசைக்கலைஞர் சாந்தியாகோ வாஸ்கெஸ். அவர் 2006இல் புவெனஸ் அயர்ஸில் தொடங்கிய லா போம்பா தே தியெம்போ என்ற குழு, கோனெக்ஸ் கலை மையத்தில் நடத்தும் திங்கட்கிழமை நிகழ்ச்சிகளால் பெயர்பெற்றது. குழுவில் ஒருவர் முன்னால் நின்று சைகை காட்டுவார். சற்று நேரம் கழித்து அவர் தன் கருவிக்குத் திரும்ப, இன்னொருவர் அந்த இடத்துக்கு வருவார்.

சைகையால் இசை நடத்துவது அதற்கு முன்பே இருந்தது. அமெரிக்க இசைக்கலைஞர் வால்டர் தாம்சன் 1974இல் நியூயார்க் மாநிலத்தின் வுட்ஸ்டாக்கில் சவுண்ட்பெயின்டிங் முறையைத் தொடங்கினார். இன்னோர் அமெரிக்க இசைக்கலைஞர் லாரன்ஸ் 'புட்ச்' மாரிஸ் 1985 முதல் தன் முறையைக் கண்டக்‌ஷன் என்ற பெயரில் மேடையேற்றினார். அவை எந்தக் கருவிக்கும் பொருந்துபவை. சீரான காலப்பிரமாணம் (தாளத்தின் வேகம்) இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அவற்றில் இல்லை. மாரிஸின் வழியால் தூண்டப்பட்ட வாஸ்கெஸ், ஓடும் தாளத்தை நிறுத்தாமல் அதற்குள்ளேயே மாற்றம் செய்யும் சைகைகளை அமைத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட சைகைகள் கொண்ட அந்த மொழிக்கு ஒரு கையேடும் உண்டு.

தொடங்குபவருக்கு நூறு வேண்டாம், பதின்மூன்று போதும். இங்கே வரும் கை வடிவங்கள் வாஸ்கெஸின் கையேட்டிலிருந்து அப்படியே எடுத்தவை அல்ல. புதிய குழுவுக்காகச் சுருக்கியவை. பின்னால் அந்த மொழியை முறையாகக் கற்கப் போகிறவர்கள் சில வடிவங்களை மாற்றிக்கொண்டால் போதும்.

ஆட்கள், கருவிகள், இடம்

எட்டு முதல் பன்னிரண்டு பேர் சரியான அளவு. ஆறு பேருக்குக் கீழே போனால் குழுவைப் பிரிவுகளாக்கி ஒன்றோடொன்று பேசவைக்க முடியாது. பதினைந்தைத் தாண்டினால், சைகையைத் தவறவிடும் இரண்டு பேர் எப்போதும் இருப்பார்கள்.

பத்துப் பேர் என்றால் கருவிகளை இப்படிப் பிரிக்கலாம்: கனத்த அடித்தொனிக்கு இரண்டு சுர்தோ அல்லது அதற்கு இணையான பெரிய முரசு, ஒரு மணி, ஒரு ஷேக்கர், நடுத்தொனிக்குக் கையால் தட்டும் முரசுகளான இரண்டு காங்கா, இரண்டு ஜெம்பே, உச்சத்தொனிக்கு இரண்டு சிறிய முரசு. பறை, தவில், உறுமி எதைச் சேர்த்தாலும் பொருந்தும். சத்தத்தின் அளவை மட்டும் பாருங்கள். மைக் இல்லாத திறந்தவெளியில் தவிலுக்குப் பக்கத்தில் கஞ்சிரா வாசிப்பவர் தன் கருவியைத் தானே கேட்க முடியாது. கேட்காதவர் கற்பனையாக வாசிக்கவும் முடியாது.

அரைவட்டமாக உட்காருங்கள் அல்லது நில்லுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 6 மீட்டருக்குள் இருக்கட்டும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 10 மீட்டர் தள்ளி இருப்பவரின் அடி உங்களிடம் வந்துசேர ஏறக்குறைய 0.03 நொடி ஆகும். இரு முனைகளில் இருப்பவர்களும் ஒருவரையொருவர் கேட்டு வாசித்தால், கூட்டத்துக்கு ஒவ்வொரு அடியும் இரண்டாகப் பிளந்து கேட்கும். அதனால்தான் பெரிய முரசுகளும் மணியும் நடுவில், பின்வரிசையில் இருக்க வேண்டும். எல்லோரும் நடுவைக் கேட்டு வாசிக்கட்டும், மறுமுனையை அல்ல.

சைகையாளர் அரைவட்டத்தின் மையத்துக்கு எதிரே, 2 முதல் 3 மீட்டர் தள்ளி நிற்பார். அவருக்கு ஒரே அடர்நிறத்தில் சட்டை நல்லது. பூப்போட்ட சட்டைக்கு முன்னால் விரல்கள் தெரியாது. ஒத்திகையில் யாருமே யோசிக்காத ஒன்று வெளிச்சம். மேடை விளக்குகள் கூட்டத்தின் பக்கமிருந்து வரும். சைகையாளரோ கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். அவருடைய முதுகு பளிச்சென்று இருக்க, கைகள் இருக்கும் பக்கம் நிழலில் போய்விடும். வாசிப்பவர்களின் பின்னாலிருந்து அவர் மார்பளவுக்கு விழும்படி ஒரு விளக்கைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

எல்லோருக்கும் காது அடைப்பான் வாங்குங்கள். மூடிய அறையில் இப்படி ஒரு குழு 100 டெசிபெலை எளிதில் தொடும். அந்த அளவில் ஒரு நாளைக்குப் பாதுகாப்பான நேரம் வெறும் 15 நிமிடம் என்கிறது அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் வரையறை.

முதலில் தரை: எல்லோருக்கும் பொதுவான ஓர் அடிநடை

சைகைக்கு முன் தாளம் வேண்டும். நாலு அடி கொண்ட ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று), ஒவ்வோர் அடிக்கும் நாலு மாத்திரை, மொத்தம் 16 மாத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் நிமிடத்துக்கு 100 அடி. அப்படியானால் ஓர் ஆவர்த்தனம் 2.4 நொடி, ஒரு மாத்திரை 0.15 நொடி. இந்த 2.4 நொடியைத்தான் இனி எல்லாவற்றுக்கும் அளவாக எடுக்கப் போகிறோம்.

பெரிய முரசு முதல் அடியிலும் மூன்றாம் அடியிலும். ஷேக்கர் 16 மாத்திரையும் விடாமல், ஒவ்வோர் அடியின் தொடக்கத்திலும் சற்று அழுத்தி. மணிக்கு, லத்தீன் அமெரிக்க இசையில் பரவலாக இருக்கும் சோன் கிளாவே பொருந்தும். அது 16 மாத்திரையில் 1, 4, 7, 11, 13 ஆகிய இடங்களில் விழும் ஐந்து அடி. தமிழருக்கு இதை எண்ணிப் பழகத் தேவையே இல்லை: தகிட தகிட தகதிமி தக தகதிமி. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் ஓர் அடி. மூன்று, மூன்று, நாலு, இரண்டு, நாலு, கூட்டினால் 16. வாயால் சொல்லிக்கொண்டே காலால் நாலு அடியையும் தட்டிப் பழகுங்கள். கால் தடுமாறாமல் வாய் ஓட ஆரம்பித்த பிறகு மணியை எடுக்கலாம்.

மற்றவர்கள் ஆளுக்கொரு சிறு வடிவத்தைத் தாங்களே அமைத்துக்கொள்ளட்டும். நிபந்தனை ஒன்றுதான்: 16 மாத்திரையில் ஐந்து அல்லது ஆறு அடிக்கு மேல் வேண்டாம். எல்லோரும் எல்லா இடத்தையும் நிரப்பினால் சைகையாளர் எதை எடுப்பது, எதை விடுவது என்றே தெரியாத இரைச்சல்தான் மிஞ்சும். இப்படி அமையும் மொத்த நடைதான் 'அடிநடை'.

பதின்மூன்று சைகைகள்

ஒரு சைகை வாக்கியத்தில் நாலு கேள்விகளுக்குப் பதில் இருக்கும்: யார், என்ன, எப்படி, எப்போது. சவுண்ட்பெயின்டிங்கின் இலக்கண வரிசையும் இதுவே. வரிசையை மாற்றாதீர்கள். 'என்ன' முதலில் வந்துவிட்டால் எல்லோரும் தங்களுக்கென்று நினைத்து ஆயத்தமாவார்கள்.

'யார்' என்பதற்கு நாலு. இரு கைகளும் தலைக்கு மேல் வட்டமாகச் சேர்ந்தால் எல்லோரும். திறந்த உள்ளங்கையை நீட்டினால் அந்த ஒருவர். இரு கைகளாலும் ஓர் எல்லை வகுத்துக் காட்டினால் அந்தப் பிரிவு. ஒற்றை விரலை நீட்டாதீர்கள், அது எண் ஒன்றோடு குழம்பும். இரு கைகளையும் விரித்து வெளிப்பக்கமாகத் தள்ளினால் மீதிப் பேர், அதாவது இப்போது குறிப்பிடப்படாத எல்லோரும்.

'என்ன' என்பதற்கு ஆறு. உள்ளங்கை கீழ்நோக்கித் தரையைத் தட்டுவதுபோல் இருந்தால் அடிநடை. விரல்கள் விரிந்து அலைந்தால் மனோதர்மம், அதாவது கற்பனையாக வாசிப்பது. ஆள்காட்டி விரல் சிறு வட்டம் போட்டால் 'இப்போது வாசித்ததையே திரும்ப வாசி'. ஒருவரைக் காட்டி, பிறகு காதைத் தொட்டால் 'அவர் வாசிப்பதைப் பார்த்து நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்'. ஒரு கை முன்னும் பின்னும் மாறி மாறிப் போனால் கேள்வி–பதில்: ஒருவர் ஓர் ஆவர்த்தனம் கேட்க, குழு அடுத்த ஆவர்த்தனத்தில் அதையே திருப்பிச் சொல்லும். நெற்றிப் பொட்டில் விரலை வைத்து, பிறகு ஓர் எண்ணைக் காட்டினால் நினைவு: இப்போது ஒலிப்பதை அந்த எண்ணில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது முன்பு வைத்ததை எடுங்கள். நெற்றியைத் தொட்டு எண் காட்டும் இந்தச் சைகை மாரிஸின் கண்டக்‌ஷனிலும் உண்டு.

'எப்படி' என்பதற்குத் தொடக்கத்தில் சத்தத்தின் அளவு மட்டும் போதும். கை இடுப்பளவில் இருந்தால் மெதுவாக, அதாவது சத்தம் குறைவாக, தோளளவில் இருந்தால் பலமாக. வேகத்தை மாற்றும் சைகை புதிய குழுவுக்கு வேண்டவே வேண்டாம்.

'எப்போது' என்பதற்கு இரண்டு: விரல் எண்ணிக்கை, மூடும் முஷ்டி. முஷ்டி என்றால் நிறுத்தம். இந்த இரண்டையும் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் புதிய குழுவில் நடக்கும் பிசகுகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கின்றன.

'எப்போது' என்பதை எல்லோரும் ஒன்றாகப் புரிந்துகொள்வது

சைகை காட்டியவுடன் யாரும் அதைச் செய்யக் கூடாது. பாதிப் பேர் உடனே மாறுவார்கள், பாதிப் பேர் அடுத்த அடியில் மாறுவார்கள். தாளம் அங்கேயே உடையும். சைகைக்கும் ஒலிக்கும் நடுவே எல்லோருக்கும் தெரிந்த இடைவெளி இருக்க வேண்டும்.

முறை இதுதான். முதல் ஆவர்த்தனத்தில் யார், என்ன, எப்படி என்பதைக் காட்டுங்கள். இரண்டாம் ஆவர்த்தனத்தின் நாலு அடிக்கும் விரல்களால் 4, 3, 2, 1 என்று இறங்குங்கள். அடுத்து வரும் சமத்தில், அதாவது அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் அடியில், மாற்றம் நடக்கும். ஆக, ஒரு முடிவு மனத்தில் தோன்றி ஒலியாக மாற இரண்டு ஆவர்த்தனம், 4.8 நொடி. புதிய சைகையாளருக்கு இது நீளமாகத் தோன்றும். வாசிப்பவருக்கோ அதற்குள் கண்ணை உயர்த்தி, தனக்கா என்று பார்த்து, கையைத் தயார்செய்து, சமத்தை எட்ட வேண்டும். 4.8 நொடி அதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. குழு பழகிய பிறகு இதை ஒரே ஆவர்த்தனமாகச் சுருக்கலாம்.

விரல் எண்ணிக்கையை அடிக்குச் சற்று முன்னதாகவே காட்டி, அடி விழும்போது கையைச் சிறிது கீழே இறக்குங்கள். அடி விழுந்த பிறகு விரலை மாற்றினால் குழு உங்கள் கையைத் துரத்த ஆரம்பிக்கும். நிமிடத்துக்கு 100 என்று தொடங்கியது மெல்ல மெல்லத் தொய்யும்.

நிறுத்தத்தில் ஒரு முடிவை முன்கூட்டியே எடுத்தாக வேண்டும். 'சமத்தில் நிறுத்து' என்றால் சமத்தில் ஓர் அடி அடித்துவிட்டு நிறுத்துவதா, சமத்துக்கு முந்தைய மாத்திரையோடு நிறுத்துவதா? இதைப் பேசிக்கொள்ளாத குழுவில் ஏழு பேர் அமைதியாக இருக்க, மூன்று பேர் தாறுமாறாக ஓர் அடி அடித்திருப்பார்கள். கர்னாடக இசையில் முத்தாய்ப்பாக வரும் தாளக் கோர்வை முடிந்து, பாட்டு சமத்தில் எடுக்கப்படுவதைக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு, சமத்தில் ஓர் அடியோடு நிற்பதுதான் இயல்பாக வரும். அதையே விதியாக வையுங்கள்.

நின்ற பிறகு வரும் மௌனமும் தாளத்துக்குள்தான் இருக்கிறது. காலடி நிற்கக் கூடாது. மௌனம் எப்போதும் உண்மையைவிட நீளமாகத் தோன்றும்; அதனால் எல்லோரும் சீக்கிரமே நுழைந்துவிடுவார்கள். இதற்குத் தனிப் பயிற்சி உண்டு: நாலு ஆவர்த்தனம் வாசித்து ஒன்று மௌனம், பிறகு நாலுக்கு இரண்டு, பிறகு நாலுக்கு நாலு. நாலு ஆவர்த்தன மௌனம் 9.6 நொடி. அதற்குப் பின் பத்துப் பேரும் ஒரே அடியில் இறங்கினால் அந்தக் குழு மேடைக்குத் தயார்.

முதல் ஒத்திகை

கருவிகளை ஓரமாக வைத்துவிட்டுத் தொடங்குங்கள். இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே காலடி, கைதட்டல், வாயால் 'தகிட', 'தகதிமி' போன்ற சொல்கட்டு. அதோடு யார்–எப்போது சைகைகளை மட்டும் பழகுங்கள்: எல்லோரும், ஒருவர், எண்ணிக்கை, நிறுத்தம். கருவி கையில் இல்லாதபோது கண்கள் சைகையாளரிடம் இருக்கும். அந்தப் பழக்கம் முதலில் உடம்பில் ஏறட்டும்.

பிறகு கருவியோடு அடிநடை பத்து நிமிடம், சைகை எதுவும் இல்லாமல். இதில் ஒரு கட்டுப்பாடு: ஒவ்வொரு சமத்திலும் ஒரு முறை நிமிர்ந்து சைகையாளரின் கையைப் பார்க்க வேண்டும். புதியவர்கள் தங்கள் கையையே பார்த்து வாசிப்பார்கள். சைகையாளர் இடையிடையே சத்தமில்லாமல் ஒரு விரலையோ மூன்று விரலையோ காட்டட்டும். பார்த்தவர்கள் அந்த எண்ணை உரக்கச் சொல்லட்டும். பத்து நிமிடத்தில் யார் பார்க்கவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அடுத்த அரை மணி நேரம் அடிநடை, மனோதர்மம், நிறுத்தம் மூன்றோடு மட்டும். ஒருவர் நாலு ஆவர்த்தனம் மனோதர்மமாக வாசிக்க, மற்றவர்கள் மெதுவாக அடிநடையில் இருக்க, அவர் முடிந்து அடுத்தவர். கேள்வி–பதிலை இரண்டாம் ஒத்திகைக்கும், பார்த்து எடுத்துக்கொள்வதையும் நினைவையும் மூன்றாம் ஒத்திகைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் பதின்மூன்றையும் சொல்லிக்கொடுத்தால் குழு சைகையை மொழிபெயர்த்துக்கொண்டே இருக்கும், வாசிக்காது.

சைகையாளரின் உண்மையான வேலை

சைகையாளரின் வேலை, குழு வாசிப்பதைக் கேட்டு அதிலிருந்து எடுப்பது, எடுத்ததைக் கேட்டு உரிய இடத்தில் வைப்பது. முன்னால் நிற்பவர் தன் தலையில் ஓடும் இசையைப் பத்துப் பேர் மூலம் வாசிக்கப் பார்த்தால் அது விறைத்துப்போகும்.

ஓர் உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அடிநடை ஓடுகிறது. இரண்டாவது காங்காவுக்கு மனோதர்மச் சைகை கொடுத்தாயிற்று. அவர் கைபோன போக்கில் ஏதோ வாசிக்கும்போது, ஓர் ஆவர்த்தனத்தின் கடைசி ஐந்து மாத்திரையில் 'தக தகிட' என்று ஒரு சின்னத் திருப்பம் வந்து விழுகிறது. அவரே அதைக் கவனித்திருக்க மாட்டார். சைகையாளர் உடனே உள்ளங்கையை அவர் பக்கம் நீட்டி விரலால் வட்டம் போடுகிறார்: அதையே திரும்ப வாசி. அடுத்து மீதிப் பேருக்கு மெதுவாக என்ற சைகை, காங்கா தெளிவாகக் கேட்கும்படி. இரண்டு ஆவர்த்தனம் அப்படியே ஓடவிட்டு, ஜெம்பே பிரிவுக்குக் காட்டுகிறார்: அவரைக் கேட்டு நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை, சமம். தற்செயலாக விழுந்த அந்த ஐந்து மாத்திரை இப்போது மூன்று பேரின் முழக்கம். நெற்றிப் பொட்டைத் தொட்டு விரல் ஒன்று: இது நினைவு ஒன்று. எல்லோரும் அடிநடைக்குத் திரும்பி, மூன்று நிமிடம் கழித்து நினைவு ஒன்றை எல்லோரும் சேர்ந்து அடிக்கும்போது கூட்டத்துக்கு அது ஏற்கெனவே தெரிந்த ஒன்றாகிவிட்டிருக்கும்; கத்துவார்கள்.

இந்த வரிசையில் மிகவும் தவறுவது நடுவில் வரும் 'மீதிப் பேர் மெதுவாக'. அதை விட்டுவிட்டு நேரே எடுத்துக்கொள்ளச் சொன்னால், ஜெம்பே வாசிப்பவர்களுக்கு மூல வடிவம் காதில் விழுந்திருக்காது. ஆளுக்கு ஒன்று வாசிப்பார்கள். 'திரும்ப வாசி' சைகையிலும் ஒரு சிக்கல் உண்டு: பிடித்த வடிவம் ஆவர்த்தனத்துக்குள் அடங்காமல் அடுத்ததற்குள் நீண்டிருந்தால், வாசிப்பவர் அதைச் சமத்துக்குச் சமம் முடியும்படி சற்று வெட்டியோ ஒரு மௌனம் சேர்த்தோ நேர்செய்ய வேண்டும். அது அவர் பொறுப்பு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடிக்கடி நடக்கும் பிசகுகள்

சத்தம் ஏறும்போது வேகமும் ஏறிவிடும். பலமாக வாசி என்ற சைகை வந்ததும் கை ஓங்கி, காலடியும் சேர்ந்து ஓடும். இதைத் தடுக்க ஒருவர் மட்டும் பொறுப்பு, அவர் மணி வாசிப்பவர். சத்தச் சைகைகளில் எதுவும் அவருக்குப் பொருந்தாது என்று விதி வையுங்கள். ஒத்திகையில் அவர் காதில் மட்டும் மெட்ரோனோம் (சீராகத் தட்டி வேகத்தைக் காட்டும் கருவி) இருக்கட்டும்.

சைகையாளர் ஆடுவார். தாளம் நன்றாக ஓடும்போது உடம்பு ஆடத்தான் செய்யும். ஆனால் கை மார்புக்கு மேலே போனால் அதைக் குழு சைகையாக எடுத்துக்கொள்ளும். சைகை இல்லாத நேரத்தில் கைகள் இடுப்புக்குக் கீழே என்பதை வழக்கமாக்குங்கள். ஆட்டம் காலில் இருக்கட்டும்.

விரல் மூன்றைச் சிலர் கட்டைவிரலோடு காட்டுவார்கள், சிலர் கட்டைவிரல் இல்லாமல். தூரத்திலிருந்து பார்த்தால் அந்த மூன்று இரண்டாகவோ நாலாகவோ தெரியும். ஒரே வடிவத்தை எல்லோரும் பின்பற்றுங்கள். உள்ளங்கை குழுவைப் பார்த்தபடி, விரல்களுக்கு இடையே இடைவெளியோடு.

யாரோ ஒருவர் சைகையைத் தவறவிட்டு வேறு எதையோ வாசித்துக்கொண்டிருந்தால், அவரை முறைக்காதீர்கள். முறைத்தால் அவர் அடுத்த பத்து நிமிடத்துக்குப் பயந்து அடிநடையை விட்டு நகரவே மாட்டார். அவர் வாசிப்பது நன்றாக இருந்தால் அதையே பிடித்து வட்டம் போட்டுவிடுங்கள். நன்றாக இல்லையென்றால் எல்லோருக்கும் அடிநடை காட்டி மறுபடி தொடங்குங்கள். கூட்டத்துக்குத் தெரியவே தெரியாது.

கடைசியாக ஒன்று: ஓயாமல் சைகை காட்டுவது. ஒரு மாற்றம் வந்தபின் குறைந்தது எட்டு ஆவர்த்தனம், சுமார் 19 நொடி, கையை இறக்கி நில்லுங்கள். புதிய நடை காலுக்குள் இறங்க அந்த நேரம் தேவை.

மேடைக்குப் போகும்போது

முதல் நிகழ்ச்சி இருபது நிமிடம் போதும். இரண்டு சைகையாளர்கள், ஆளுக்குப் பத்து நிமிடம். கைமாறும் இடத்தை அடிநடையில் வையுங்கள். முதலாமவர் அடிநடை காட்டிவிட்டுத் தன் கருவிக்குப் போக, குறைந்தது எட்டு ஆவர்த்தனம் முன்னால் யாரும் இல்லாமலே ஓடட்டும். மணியிலும் சுர்தோவிலும் இருப்பவர்கள் தங்கள் இடத்தை விட்டு வர முடியாது என்பதால், அவர்களுக்குச் சைகையாளர் வாய்ப்பு கிடைக்கும்படி ஒத்திகையில் கருவிகளை மாற்றி வாசித்துப் பழகியிருக்க வேண்டும். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் முன்கூட்டித் தீர்மானியுங்கள். தொடக்கத்தில் மணி தனியாக நாலு ஆவர்த்தனம், பிறகு சுர்தோ, பிறகு ஷேக்கர், கடைசியில் மற்றவர்கள். முடிவில் எல்லோரும், பலமாக, எண்ணிக்கை, முஷ்டி, சமத்தில் ஓர் அடி. நடுவில் இருக்கும் பதினெட்டு நிமிடத்துக்கு எந்தக் குறிப்பும் எழுதிக்கொள்ளாதீர்கள். சைகையாளரின் கையும் குழுவும் ஒன்றாகத் தெரியும்படி குழுவுக்குப் பின்னாலிருந்து ஒரு கைப்பேசியில் ஒளிப்பதிவு செய்து, மறுநாள் சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு முறை பாருங்கள். எந்தச் சைகை தாமதமாக வந்தது, எது யாருக்கும் புரியவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.